செல்ஃப் எடுக்காத வண்டி

என் பெரியப்பாவின் வலது மணிக்கட்டு கொஞ்சம் கோணலாக இருக்கும். சின்ன வயதில் எங்களுக்கு அது வேடிக்கை. கையை நேராக நீட்டச் சொல்லிப் பார்ப்போம், நீட்டினாலும் கட்டைவிரல் பக்கம் ஒரு மேடு தெரியும். எண்பதுகளில் சென்ட்ரல் ஸ்டேஷன் வாசலில் அம்பாசடர் டாக்ஸி ஓட்டியவர் அவர். பேட்டரி இறங்கிப்போன ஒரு மார்கழி விடியற்காலையில், முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றும்போது இன்ஜின் திருப்பி உதைத்தது. மூன்று மாதம் வண்டி ஓட்டவில்லை, சம்பாத்தியமும் இல்லை. பெரியம்மாவின் வளையல்கள் அந்த மூன்று மாதத்தில்தான் போயின.

அந்த எலும்பு முறிவுக்கு மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது என்று எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. ஆரை எலும்பின் நுனி முறிவதை ‘ஷோஃபர்ஸ் ஃப்ராக்சர்’ என்கிறார்கள், ஓட்டுநர் முறிவு. ஹேண்டில் போடும் கார்கள் சாலையை விட்டுப் போனபிறகும் எலும்பு மருத்துவப் புத்தகங்களில் அந்தப் பெயர் இருக்கிறது. ‘ஷோஃபர்’ என்பதே பிரெஞ்சில் சூடேற்றுபவர் என்றுதான் பொருள்படும். நீராவி இன்ஜினுக்கு நெருப்பு மூட்டியவரின் பெயர் கார் ஓட்டுபவருக்கு வந்து, அவர் வழியாக ஒரு எலும்பு முறிவுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

இதெல்லாம் நினைவுக்கு வந்தது இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தபோது.

*

கம்பெனி வேலையாக ஷெஃபீல்டில் ஒன்றரை வருஷம் இருந்தேன். அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், எழுபது தாண்டியவர், தனியாக வசித்தார். அவரிடம் 1972ஆம் வருஷத்து எம்ஜிபி ஒன்று இருந்தது. மேற்கூரையை மடக்கிவிடக்கூடிய இரண்டு இருக்கை வண்டி, கரும்பச்சை. இருபத்தி சொச்சம் வயதில், தன் சொந்தச் சம்பளத்தில், செகண்ட் ஹேண்டாக வாங்கியது. ‘பெண் பிள்ளைக்கு எதற்கு இந்த மாதிரி வண்டி’ என்று அவருடைய அப்பா கேட்டாராம். அதைச் சொல்லும்போது இன்னும் கொஞ்சம் கோபம் இருந்தது.

அவர் வண்டியை நிறுத்தும் விதத்தைக் கொஞ்ச நாள் கவனித்தேன். வீட்டு வாசலில் இடம் காலியாக இருந்தாலும் அங்கே நிறுத்தமாட்டார், தெருவின் மேட்டுக்குப் போய், முகம் கீழ்நோக்கி நிற்கும்படி நிறுத்துவார். காலையில் ஹேண்ட் பிரேக்கை விடுவார், வண்டி தானாக உருளும். இரண்டாவது கியரில் கிளட்சை விட்டதும் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். ஷெஃபீல்ட் மேடும் பள்ளமுமான ஊர் என்பதால் சமாளித்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் போகிற கடை, நூலகம், தோழி வீடு எல்லாமே சரிவு இருக்கும் இடமாக இருக்கவேண்டும். சமதளத்தில் வண்டி நின்றால் தள்ள ஆள் வேண்டுமே. ஒரு டன்னுக்குச் சற்றே குறைவான இரும்பை எழுபது வயதில் யார் தனியாகத் தள்ளுவது?

ஒருநாள் வெட்கத்தோடு கேட்டேன்: “வண்டியில் ஸ்டார்ட்டர் பிரச்சினையா?”

“ஐம்பது வருஷமாக உழைத்திருக்கிறது. சில நாள் எழுந்திருக்கிறது, சில நாள் இல்லை. என்னைப் போலத்தான்” என்றார்.

நான் எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் படித்துவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் வந்தவன். டிசி மோட்டார் பற்றிப் பரீட்சையில் பதினாறு மதிப்பெண் கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறேன், ஒன்றைக்கூடக் கழற்றியதில்லை. சனிக்கிழமை பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, அன்று இரவே பெரியப்பாவுக்கு ஃபோன் போட்டேன்.

“என்ன வண்டி?”

“எம்ஜிபி பெரியப்பா. 1798 சிசி.”

“பி சீரிஸ் இன்ஜினாடா? டேய், அது நம்ம அம்பாசடர் வம்சம்டா!”

அவர் சொன்னது சரி. மோரிஸ், ஆஸ்டின், எம்ஜி எல்லாம் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் என்கிற ஒரே குடையின் கீழ் இருந்த காலத்தில் உருவானது பி சீரிஸ் இன்ஜின். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு கார் அம்பாசடராக இந்தியாவுக்கு வந்தபோது இந்தக் குடும்பத்தின் 1489 சிசி இன்ஜின் அதில் பல பத்தாண்டுகள் ஓடியது. அதே குடும்பத்தின் பெரிய உருப்படிதான் 1962 முதல் 1980 வரை ஆபிங்டனில் தயாரான எம்ஜிபியில் இருந்தது. ஒன்று கல்கத்தா டாக்ஸியாகவும் கலெக்டர் வண்டியாகவும் போனது, இன்னொன்று ஞாயிற்றுக்கிழமை உலாப் போகிற வண்டியானது.

“செல்ஃப் மேல கை வெக்காத. மொதல்ல எர்த்து பாரு” என்று சொல்லிவிட்டு பெரியப்பா ஃபோனை வைத்தார்.

*

நம் ஊரில் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு ‘செல்ஃப்’ என்றுதான் பெயர். ‘செல்ஃப் எடுக்கல’, ‘செல்ஃப் அடி’ என்போம். 1910களில் அமெரிக்காவில் இதை ‘செல்ஃப் ஸ்டார்ட்டர்’ என்று விளம்பரம் செய்தார்கள். பின்னால் அங்கே ‘செல்ஃப்’ உதிர்ந்து ‘ஸ்டார்ட்டர்’ மிஞ்சியது. நாம் ‘ஸ்டார்ட்டரை’ உதிர்த்துவிட்டு ‘செல்ஃபை’ வைத்துக்கொண்டோம். அந்த வார்த்தையில்தான் இந்தக் கருவியின் சரித்திரமே இருக்கிறது: இன்னொருத்தர் உதவி இல்லாமல், தானாக.

பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு அடிப்படைக் குறை உண்டு, அது நின்ற இடத்திலிருந்து தானாகக் கிளம்பாது. நீராவி இன்ஜினில் அழுத்தம் ஏறினால் போதும், மின் மோட்டாருக்கு ஸ்விட்ச் போட்டால் போதும். பெட்ரோல் இன்ஜினை மட்டும் யாராவது முதலில் சுற்றிவிட வேண்டும். காற்றும் பெட்ரோலும் உள்ளே போய், பிஸ்டன் அதை அழுத்தி, தீப்பொறி விழுந்தபிறகுதான் அதற்கு உயிர். அந்த முதல் சில சுற்றுகளை மனிதக் கைதான் தந்தது. தீப்பொறி கொஞ்சம் முன்னதாக விழுந்துவிட்டால், மேலே ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனை வெடிப்பு திருப்பித் தள்ளும். ஹேண்டில் எதிர்ப்பக்கம் சுழலும், கையில் பிடி இருந்தால் கையும் கூடப் போகும். அதனால்தான் கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்தே வைக்கவேண்டும், கைப்பிடியைச் சுற்றி மடக்கக் கூடாது, கீழே அழுத்தாமல் மேலே இழுக்கவேண்டும் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். பெரியப்பாவுக்கும் இது தெரியும். அன்றைக்குக் குளிர், அவசரம், ரயிலுக்குப் போகவேண்டிய சவாரி.

1900இல் அமெரிக்காவில் தயாரான கார்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மின்சாரக் கார்கள். பெட்ரோல் கார்கள் அதைவிடக் குறைவு. மின்சாரக் காருக்கு ஹேண்டில் கிடையாது, புகை கிடையாது, ஆனால் தூரம் போகாது. பெட்ரோல் கார் தூரம் போகும், கையை உடைக்கும். இதில் எது யாருக்கு என்று சந்தை தானே முடிவு கட்டிக்கொண்டது. மின்சாரக் கார் பெண்களின் வண்டி, பெட்ரோல் கார் ஆண்களின் வண்டி. ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஃபோர்டே ‘டெட்ராய்ட் எலெக்ட்ரிக்’ கார்தான் ஓட்டினார். உலகத்தையே மாடல் டி ஓட்டவைத்தவர் வீட்டில் இது நிலைமை.

ஆனால் பெண்களால் முடியாது என்று யாராவது சொன்னால் 1909ஐ ஞாபகப்படுத்த வேண்டும். அந்த ஜூன் மாதம் ஆலிஸ் ராம்சி என்ற 22 வயதுப் பெண், கார் ஓட்டத் தெரியாத மூன்று தோழிகளை ஏற்றிக்கொண்டு நியூயார்க்கிலிருந்து கிளம்பி, 59 நாளில் சான்ஃபிரான்சிஸ்கோ போய்ச் சேர்ந்தார். மாக்ஸ்வெல் கார், ஹேண்டில் போட்டுத்தான் கிளப்பவேண்டும். சேற்றில் சிக்கினார், டயர் மாற்றினார், சுற்றினார், ஓட்டினார். அமெரிக்காவைக் காரில் குறுக்காகக் கடந்த முதல் பெண் அவர்தான்.

*

செல்ஃப் ஸ்டார்ட்டரின் பிறப்புக்கு வாகனத் துறை சொல்லும் கதை ஒன்று உண்டு. டெட்ராய்ட்டின் பெல் ஐல் பாலத்தில் ஒரு பெண்ணின் கார் நின்றுவிடுகிறது. அவ்வழியே வந்த கார் தயாரிப்பாளர் பைரன் கார்ட்டர் இறங்கி உதவுகிறார். ஹேண்டில் திருப்பி அடித்து அவர் தாடை உடைகிறது, அந்தக் காயத்தின் விளைவாக 1908இல் இறந்துபோகிறார். அவருடைய நண்பர், காடிலாக்கின் தலைவர் ஹென்றி லீலண்ட், இனி என் கார்கள் யாரையும் கொல்லக்கூடாது என்று முடிவெடுக்கிறார். கார்ட்டர் 1908இல் இறந்தது உண்மை. பாலத்துக் காட்சி சொல்பவருக்குத் தகுந்தபடி மாறுகிறது, கட்டி எழுப்பிய கதையின் வாசனை அதில் இருக்கிறது. கவனித்தால் ஒன்று தெரியும்: கதையில் அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை, அவள் காத்துக்கொண்டு மட்டும் நிற்கிறாள்.

பெயர் உள்ள ஆள் சார்ல்ஸ் கெட்டரிங். ஒஹையோ மாநிலப் பல்கலையில் எலக்ட்ரிகல் படித்தவர். டேட்டன் நகரில் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில், கடைகளின் கல்லாப்பெட்டியைக் கையால் சுற்றாமல் மின் மோட்டாரால் இயங்க வைத்தவர். அங்கே கற்ற பாடம்தான் செல்ஃபின் சூட்சுமம்.

அப்போது நிலவிய கருத்து இதுதான்: இன்ஜினைச் சுற்றும் அளவு பலமுள்ள மோட்டார் இன்ஜின் அளவுக்கே பெரிதாக இருக்கும், அதற்கேற்ற பேட்டரியைக் காரில் ஏற்ற முடியாது. கணக்கு சரிதான், நாள் முழுக்க ஓடுகிற மோட்டாருக்கு. கெட்டரிங் பார்த்த கல்லாப்பெட்டி மோட்டார் ஒரு நொடி ஓடும், பிறகு சும்மா இருக்கும். மோட்டாரைக் கொல்வது சூடு, சூடு ஏற நேரம் வேண்டும். ஐந்து நொடிதான் வேலை என்றால், ஒரு சின்ன மோட்டாரிடம் அதன் தகுதிக்குப் பல மடங்கு வேலை வாங்கலாம். நான் எழுதும் மென்பொருளிலும் சர்வர்களை இப்படித்தான் கணக்குப் போடுகிறோம், சராசரிச் சுமை வேறு, உச்சச் சுமை வேறு என்று. அது நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்லாப்பெட்டியிலிருந்து காருக்கு வந்த யோசனை என்று தெரிந்தபோது எனக்கு ஒரு மாதிரி சந்தோஷமாக இருந்தது.

எட்வர்ட் டீட்ஸ் என்பவரோடு சேர்ந்து அவர் வீட்டுக் கொட்டகையில் நண்பர்களைக் கூட்டி வேலை செய்தார் கெட்டரிங். அதுதான் டெல்கோ நிறுவனம். 1911 பிப்ரவரியில் காடிலாக்கில் செய்து காட்டினார்கள், 1912 மாடல் காடிலாக்கில் செல்ஃப் வந்துவிட்டது. அது வெறும் மோட்டார் மட்டும் அல்ல. இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் அதே இயந்திரம் ஜெனரேட்டராக மாறி, செலவான பேட்டரியை நிரப்பியது. விளக்கும் இக்னிஷனும் அதே மின்சாரத்தில் இயங்கின. இன்றுவரை பெட்ரோல் கார்களின் மின்சார அமைப்புக்கு அதுதான் எலும்புக்கூடு.

அடுத்து வின்சென்ட் பெண்டிக்ஸின் பெயர் வருகிறது. மோட்டாரின் பல்சக்கரம் இன்ஜினின் ஃப்ளைவீல் பற்களோடு எப்போதும் கோத்திருந்தால், இன்ஜின் ஓடத் தொடங்கியதும் மோட்டாரைச் சுழற்றிச் சிதறடித்துவிடும். பெண்டிக்ஸ் முறையில் பல்சக்கரம் ஒரு மறையில் உட்கார்ந்திருக்கும், நட்டு போல. மோட்டார் சட்டென்று சுழலும்போது நட்டு தயங்கி, மறையில் நகர்ந்து ஃப்ளைவீலைக் கவ்வும். இன்ஜின் வேகம் எடுத்ததும் அதே மறையில் பின்னால் தள்ளப்படும். நம்மூர் மெக்கானிக்குகள் அந்தப் பாகத்தை இன்றும் ‘பெண்டிக்ஸ்’ என்றுதான் சொல்கிறார்கள்.

மின்சாரக் காரின் கதையை முடித்த காரணங்களில் பெரியது இந்த மோட்டார். மலிவான பெட்ரோலும் மாடல் டியின் விலையும் கூடச் சேர்ந்தன. என்றாலும் பெட்ரோல் காரின் மிகப்பெரிய குறையை நீக்கியது ஒரு மின்சார மோட்டார்தான். தன் இனத்துக்கே வினையானது. கெட்டரிங்கின் பெயரை வழிபாட்டுக்கு உரியதாக்கவும் முடியாது. 1921இல் அவர் ஆய்வகத்தில்தான் தாமஸ் மிட்ஜ்லி பெட்ரோலில் ஈயம் கலந்தால் இன்ஜின் தட்டுவது நிற்கும் என்று கண்டுபிடித்தார். அந்த ஈயத்தை உலகத்தின் சாலைகளிலிருந்து முழுவதுமாக விலக்க 2021 வரை ஆனது. கையைக் காப்பாற்றியவரின் ஆய்வகத்திலிருந்தே மூளைக்குள் போகும் நஞ்சும் வந்தது.

*

சனிக்கிழமை. பெரியப்பா சொன்னபடி எர்த்திலிருந்து தொடங்கினேன். பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது, நல்ல நிலைமை. சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு ஸ்டார்ட்டர் முனையில் அளந்தால் எட்டரைதான் வந்தது. மீதி எங்கே? செல்ஃப் இழுப்பது 200 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். வழியில் எங்காவது 0.01 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் போய்விடும். 0.01 ஓம் என்பது ஒரு துளி துரு. இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் பட்டையைக் கழற்றிப் பார்த்தால் பச்சை பூத்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினேன். ஸ்டார்ட்டருக்குப் பத்து வோல்ட் வந்தது. மூன்று முறை கிளம்பியது, நான்காவது முறை ‘டக்’ என்ற சத்தம் மட்டும். ஸ்டார்ட்டர் உடம்பில் சுத்தியலால் லேசாகத் தட்டினால் உயிர் வந்தது.

“பிரஷ்ஷு தேஞ்சிடுச்சி. எறக்கிடு” என்றார் பெரியப்பா, வீடியோ காலில். அவர் முகத்தைவிட நெற்றிதான் அதிகம் தெரிந்தது. “பேட்டரி வயரைக் கழட்டாம கைய உள்ள வுட்ட, செருப்பால அடிப்பேன்.”

இந்த வருஷத்து எம்ஜிபியில் சீட்டுக்குப் பின்னால், தரைக்கு அடியில், இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகள் இருக்கும். கழற்றினேன். ஸ்டார்ட்டரைப் பிடித்திருப்பது இரண்டே போல்ட், கீழ் போல்ட் சமர்த்தாக வந்தது. மேல் போல்ட்டுக்கு டிஸ்ட்ரிபியூட்டர், ஆயில் ஃபில்டர் இரண்டுக்கும் நடுவே கையை விடவேண்டும், கண்ணால் பார்க்க முடியாது. ஒரு முழு மதியம் போனது. ஆசிரியை இரண்டு முறை டீ கொண்டுவந்தார். மூன்றாவது முறை டார்ச்சோடு வந்து, ஓரமாக மண்டியிட்டு, “என் கை உன் கையைவிடச் சின்னது” என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை வாங்கிக்கொண்டார். போல்ட் அவரிடம்தான் அசைந்தது.

கழற்றிய மோட்டாரின் பித்தளைத் தகட்டில் பெயர் பாதி அழிந்திருந்தது: லூகாஸ், பர்மிங்காம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வில்லிவாக்கத்தில் வளர்ந்த எனக்கு லூகாஸ் என்பது பாடியில் ஒரு பஸ் ஸ்டாப். பர்மிங்காம் தெருக்களில் மண்ணெண்ணெய் விற்ற ஜோசஃப் லூகாஸ், பிறகு கப்பல் விளக்கும் சைக்கிள் விளக்கும் செய்து, அவர் வழி வந்த நிறுவனம் 1920களில் போட்டியாளர்களை வாங்கி, பிரிட்டிஷ் வாகனங்களின் மின்சாதனம் என்றாலே லூகாஸ் என்றானது. பழைய கார் பிரியர்கள் அந்த நிறுவனத்தை ‘இருளின் இளவரசன்’ என்று கிண்டல் செய்வார்கள். ஐம்பது வருஷம் மழையில் நின்ற வயரில் எந்தக் கம்பெனி விளக்கு எரியும் என்று யாரும் கேட்பதில்லை. 1961இல் டிவிஎஸ்ஸோடு கூட்டுச் சேர்ந்து லூகாஸ்–டிவிஎஸ் உருவானது. பர்மிங்காமின் தாய் நிறுவனம் 1996இல் இணைப்புக்குப் போய், 1999இல் டிஆர்டபிள்யூவிடம் விற்கப்பட்டது. பெயர் பாடியில் தங்கிவிட்டது.

மோட்டாரைத் திறந்தோம். கார்பன் பிரஷ் அடிவரை தேய்ந்திருந்தது. அதைவிட மோசம், புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் தொங்கி, சுற்றியுள்ள இரும்பில் உரசிய பளபளப்பு. சுருளின் காப்பும் கருகியிருந்தது. பெரியப்பா பார்த்துவிட்டு, “புதுப்பேட்டையா இருந்தா ரீவைண்டிங் பண்ணி அப்படியே புதுசாக்கிடுவேன்” என்றார். நானும் பழையதையே சரிசெய்யலாம் என்றேன், சரித்திரம் என்று ஏதோ விளக்கமும் கொடுத்தேன். பழைய வண்டியில் பழைய பாகம்தான் நியாயம் இல்லையா?

கிடைக்கும் மாற்று கியர் ரிடக்‌ஷன் ஸ்டார்ட்டர். சின்ன மோட்டார் வேகமாகச் சுழலும், உள்ளே உள்ள பல்சக்கரங்கள் அந்த வேகத்தைக் குறைத்து விசையாக மாற்றும். கிரைஸ்லர் 1962லேயே தன் கார்களில் கொண்டுவந்த உத்தி. எடை குறைவு, மின்சாரமும் குறைவாக இழுக்கும். ஆனால் சத்தம் வேறு. பழைய பிரிட்டிஷ் காரில் அந்தக் கீச்சுச் சத்தம் கேட்டால் ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள்.

ஆசிரியை இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “சரித்திரத்தை நீ வைத்துக்கொள். எனக்குச் சாவியைத் திருப்பினால் கிளம்பவேண்டும்.”

அதற்குமேல் எனக்குப் பேச ஒன்றும் இல்லை. 1912இல் காடிலாக் வாங்கியவர்களுக்கும் அதுதானே வேண்டியிருந்தது. செல்ஃபைப் பெண்களுக்கான வசதி என்று சொல்லி விற்றார்கள், வாங்கி நிம்மதியடைந்தவர்களில் கை உடைவதற்குப் பயந்த ஆண்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அதை ஒப்புக்கொள்வதைவிட மனைவியைக் காரணம் காட்டுவது அவர்களுக்குச் சுலபம். என் பெரியப்பாவுக்கும் அன்று காலை தேவைப்பட்டது வீரமல்ல, நல்ல பேட்டரி ஒன்று.

*

அடுத்த சனிக்கிழமை புதியதை மாட்டினோம். மேல் போல்ட்டை அவரே போட்டார். சாவியைத் திருப்பியதும் ஒரு கீச்சு, இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஃபோனில் பெரியப்பா, “ஆங், சத்தம் நம்ம சத்தம்தான்” என்றார். செல்ஃபின் சத்தத்தைச் சொல்லவில்லை, பி சீரிஸ் இன்ஜினைச் சொன்னார். தன்னையறியாமல் வலது மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

பழைய மோட்டாரை நான் சென்னைக்குக் கொண்டுவரவில்லை, விமானத்தில் அந்த எடைக்கு அனுமதி கிடைக்காது. பித்தளைத் தகட்டை மட்டும் கழற்றி என்னிடம் கொடுத்தார். இப்போது அது என் மேஜையில் இருக்கிறது.

அன்று மாலை அலுவலகத் தோழர்களோடு கடைவீதிக்குப் போயிருந்தேன். நூலகத்துக்குப் பின்னால் ஒரு கார் நிறுத்துமிடம் உண்டு, தட்டையான தரை, ஒரு பக்கமும் சரிவு கிடையாது. நடுவில் கரும்பச்சை எம்ஜிபி நின்றுகொண்டிருந்தது.